இடது பக்கம் இறங்குகிற கார்

மருதன்விடுதிச் சாலையில் எதிரே எது வந்தாலும் தங்கமுத்து தாரை விட்டு இறங்கிவிடுவார். பஸ்ஸுக்கு எல்லாரும்தான் இறங்குவார்கள். அவர் பால் வண்டிக்கு இறங்குவார், கடலைச்செடி ஏற்றிய டிராக்டருக்கு இறங்குவார், பின்னால் புல்லுக்கட்டு வைத்து மிதித்து வரும் சைக்கிளுக்கும் இறங்குவார். சாலை ஒரு வண்டி அகலம். இரண்டு பக்கமும் மண். மழை அரித்து அரித்துத் தாருக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு சாண் பள்ளம். காரின் இடது சக்கரங்கள் அதில் டொக்கென்று விழும். எதிர்வண்டி போனதும் டொக்கென்று ஏறும். கறம்பக்குடியிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர். போகும்போது பதினைந்து இருபது தடவை, வரும்போது அதே அளவு. ஆறு வருடம்.

அவர் மனைவி செல்வராணிக்கு இது ஆகாது.

"ஆட்டுக்குட்டி எதுத்தாப்புல வந்தாலும் எறங்கிருவீங்க. ஒரு நாளாச்சும் ஒருத்தன் ஒங்களுக்கு எறங்கியிருக்கானா?"

"எறங்குனா நமக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

"டயரு கொறையுதுல்ல."

கஜா புயலில் தென்னை முழுக்கப் படுத்த பிறகு வாங்கிய கார் அது. வாங்கும்போதே இரண்டு கை மாறியிருந்தது. 2005 மாடல் டீசல் வண்டி, வெள்ளை, மஞ்சள் போர்டு. ஊரில் அதற்குப் பெயர் 'இருபத்தாறு நாப்பது'. நம்பரை வைத்துத்தான் எல்லா வண்டியையும் கூப்பிடுவார்கள். கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி என்று சவாரி வரும், வராமலும் இருக்கும். வருடம் முழுக்க நிச்சயமாக இருந்தது வாத்தியார்கள் டிரிப் ஒன்றுதான். மருதன்விடுதி நடுநிலைப் பள்ளிக்கு மூன்று பேர். காலையில் கொண்டுபோய் விட்டு மாலையில் கூட்டிவர வேண்டும். அந்த வீட்டில் உலை கொதித்தது அந்த மூன்று பேரால்.

முன்சீட்டில், டிரைவருக்கு இடப்பக்கம், தலைமையாசிரியை அமிர்தவல்லி. அது அவர் இடம் என்று யாரும் எழுதிவைக்கவில்லை, யாரும் உட்கார்ந்து பார்க்கவும் இல்லை. நல்ல உடம்பு. அவர் ஏறியதும் கார் ஒரு பக்கம் குனிந்து வணக்கம் சொல்லும். அவருக்குப் பின்னால் அறிவுமதி டீச்சர், முப்பது வயது, நாக்கு கூர்மை. பின்சீட்டின் நடுவில் கணக்கு வாத்தியார் மரியசெல்வம், குச்சி போல. டிரைவருக்கு நேர் பின்னால் யாரும் உட்காருவதில்லை. அந்தக் கதவு உள்ளே இருந்தும் திறக்காது, வெளியே இருந்தும் திறக்காது. அங்கே டிபன் கேரியர்களும் சாக்பீஸ் பெட்டிகளும் பயணம் செய்தன.

புரட்டாசியில் சத்தம் ஆரம்பித்தது. இடது முன்சக்கரத்துப் பக்கம், மெதுவாகப் போகும்போது, டொக்டொக், டொக்டொக்.

"அண்ணே, அடியில யாரோ ஒலக்கை வச்சு இடிக்கிறாங்கண்ணே" என்றாள் அறிவுமதி.

"பழைய வண்டி டீச்சர். பேசிக்கிட்டே வரும்."

"என்ன பேசுது? என்னைய எறக்கிவிட்டுட்டு வசந்த் கார்ல ஏறிக்கன்னா?"

வசந்த் என்பவன் பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாக ஏழு சீட்டு வண்டி எடுத்திருந்தான். ஏசி. சீட்டில் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் கிழிக்கவில்லை. மருதன்விடுதி டிரிப்பை அவன் ஏற்கெனவே ஒருமுறை கேட்டுவிட்டான் என்பது தங்கமுத்துக்குத் தெரியும்.

மெக்கானிக்கிடம் விட்டால் இரண்டு நாள் வண்டி நிற்கும். அந்த இரண்டு நாள் அவர்கள் வசந்த் காரில் போவார்கள். போனால் திரும்பி வருவார்களா? இந்தக் கேள்வியை மனசுக்குள் வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கமுத்து காரை ஜாக்கியில் தூக்கினார். பழைய சைக்கிள் டியூபைப் பட்டை பட்டையாக வெட்டி, ஆடிய இடத்திலெல்லாம் இழுத்துச் சுற்றி, கட்டுக்கம்பியால் முறுக்கினார். சத்தம் போய்விட்டது. பத்து நாள் கழித்து வந்தது. மறுபடி சுற்றினார். எஃப்எம்மைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

கார் இடது பக்கம் இழுக்கத் தொடங்கி அதற்கு முன்பே இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஸ்டியரிங்கை எப்போதும் வலது பக்கம் ஒரு பிடி பிடித்தபடியே ஓட்டுவார். பிறகு அது இழுப்பதாகவே அவருக்குத் தெரியவில்லை. வலது தோளில் மட்டும் ஒரு வலி, ராத்திரியானால் செல்வராணி தைலம் தேய்ப்பாள்.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. முதல் நாள் நல்ல மழை. கண்மாய்க்கரை வளைவில் எதிரே கறம்பக்குடி போகும் டவுன் பஸ் வந்தது. ஓட்டியவர் தமிழ்செல்வன். தங்கமுத்து வழக்கம்போல வேகத்தைக் குறைத்தார், நடக்கிற வேகத்துக்கு வந்தார், இறங்கினார். அந்தத் தடவை டொக்கென்று கேட்கவில்லை. மரக்கிளை முறிகிற மாதிரி ஒன்று கேட்டது. ஸ்டியரிங் கையில் சுழன்றது. காரின் மூக்கு இடது பக்கம் மண்ணில் குத்தி நின்றது.

இறங்கிப் பார்த்தால், இடது முன்சக்கரம் வெளிப்பக்கமாக மல்லாந்து கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் இரண்டு முழம் மண். அதற்கும் அந்தப் பக்கம் கண்மாய், கரை தட்டத் தண்ணீர்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அறிவுமதியின் கேரியர் கவிழ்ந்து சாம்பார் மரியசெல்வத்தின் வேட்டியில் கொட்டியிருந்தது. அதை யாரும் துடைக்கவில்லை.

தமிழ்செல்வன் பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்திவிட்டு ஓடிவந்தார்.

"அண்ணே, அடி பட்டுச்சா? டீச்சர், ஒங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. நீங்க போங்க, ஒங்களுக்கு டயம் ஆச்சு."

"டயம் கெடக்கு. டிப்போவுல கேட்டா ரோட்ல மாடு படுத்திருந்துச்சுன்னு சொல்லிக்கிறேன். ஏய், எல்லாரும் எறங்குங்கப்பா, ஆளுக்கு ஒரு கை!"

பஸ்ஸிலிருந்த இருபது பேரும் இறங்கினார்கள். கறம்பக்குடிக்கு வாழையிலை கொண்டுபோன பெண்கள்கூடச் சேலையைச் செருகிக்கொண்டு பிடித்தார்கள். காரை அப்படியே தூக்கி, கரையை விட்டு நகர்த்திப் புளியமரத்தடியில் வைத்தார்கள். பின்னால் வந்த பால் வண்டிக்காரன் கேட்காமலே கதவைத் திறந்துவிட்டான். அமிர்தவல்லி அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். மற்ற இரண்டு பேரும் பின்னால் கேன்களுக்கு நடுவில் நின்றார்கள். போகும்போது அறிவுமதி திரும்பி, காரை அல்ல, தண்ணீரைத்தான் பார்த்தாள்.

சாயங்காலம் போன் பண்ணினாள். "அண்ணே, திங்கக்கெழமைக்கு நான் வசந்த்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். எச்.எம் டீச்சரும் சாரும் என்ன சொல்றாங்கன்னு பாக்கணும். கோச்சுக்காதீங்க."

"கோவம் என்ன டீச்சர் இதுல" என்றார். வைத்த பிறகு போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை சரவணக்குமார் பட்டறையில் கார் நின்றது. சந்தைக்குப் போகிற வழியில் தகரக் கூரை போட்ட இடம். முந்தின நாள் தமிழ்செல்வன்தான் பஸ்ஸோடு பட்டறை வாசலில் நின்று தகவல் சொல்லி, மினி லாரியை அனுப்பியிருந்தார். சரவணக்குமாருக்கு முப்பத்தைந்து வயது. யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசமாட்டான். பேசுவதெல்லாம் சக்கரத்தோடு. புதுக்கோட்டையிலிருந்து பத்தரை மணி பஸ்ஸில் சாமான் வர வேண்டும். அதுவரை பழையதைக் கழற்றினான். தூறல் தகரத்தில் பொரிந்துகொண்டிருந்தது. ஈரத்தில் துருவும் கிரீஸும் சேர்ந்து ஒரு வாடை.

செல்வராணி தூக்குச்சட்டியில் ரசஞ்சோறும் கடலைத் துவையலும் கொண்டுவந்தாள். தங்கமுத்து சாப்பிடவில்லை.

"சாப்புடுங்க. நீங்க பட்டினி கெடந்தா வண்டி எந்திரிச்சு ஓடிருமா?"

"அவங்க போயிருவாங்கடி."

"போனா போறாங்க. மூணு உசிரு முழுசா வீடு போய்ச் சேந்துச்சு. அதுக்கு மொதல்ல கும்புட்டுக்கங்க."

சரவணக்குமார் காருக்கு அடியிலிருந்து ஒரு இரும்பை எடுத்து வெளியே வைத்தான். கைப்பிடி அளவு. ஒரு முனையில் குண்டு, அது உட்கார வேண்டிய கிண்ணம் தேய்ந்து வாய் பிளந்து கிடந்தது.

"இதான் கழண்டது. பால் ஜாயிண்ட். மனுசனுக்குத் தோள் மூட்டு மாதிரி. சக்கரத்த இதான் புடிச்சிருக்கணும். ஷாக் அப்சார்பரும் போச்சு, சக்கரத்தத் தாங்குற லோயர் ஆர்ம்ல ரப்பர் புஷ்ஷு இருந்த எடத்துல வெறும் ஓட்டைதான் இருக்கு. எத்தன கிலோமீட்டர் வேகத்துல போனீங்க?"

"எறங்கிக்கிட்டிருந்தேன். பத்துகூட இருக்காது."

"அம்பதுல போயிருந்தா இத நான் கழட்டியிருக்க மாட்டேன். கேஸ் கட்டர் வச்சு வண்டிய அறுத்து ஆள எடுக்குறவன் கழட்டியிருப்பான்."

பிறகு இன்னொன்றை வெளியே எறிந்தான். கறுப்பாக, சுருண்டு, கட்டுக்கம்பியோடு. சைக்கிள் டியூப். இன்னொன்று. இன்னொன்று. ஐந்து துண்டு.

அந்த நேரத்தில்தான் அமிர்தவல்லி வந்தார். சந்தையிலிருந்து, கையில் கத்தரிக்காய்ப் பையோடு, குடை பிடித்துக்கொண்டு. தங்கமுத்து எழுந்து நின்றார். சரவணக்குமார் காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டவில்லை.

"எந்தக் கூமுட்ட இதக் கட்டுனது? வண்டி சத்தம் போட்டுச் சொல்லியிருக்கு. வாயக் கட்டிவிட்டிருக்கான்."

அமிர்தவல்லி டியூப் துண்டுகளைப் பார்த்தார். தங்கமுத்தைப் பார்த்தார்.

"நீதான் கட்டுனியா?"

"ஆமாங்க டீச்சர்."

"எப்ப?"

"ஒரு மாசம் இருக்குங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

தங்கமுத்து தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "சொன்னா வேற வண்டிக்குப் போயிருவீங்கன்னு நெனச்சேங்க. இம்புட்டுத் தூரம் ஆகும்னு தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா கட்டியிருக்க மாட்டேன்."

அது உண்மை. ஆனால் உண்மையாக இருப்பதால் அது சரியாகிவிடாது என்பது அங்கே நின்ற மூன்று பேருக்கும் தெரியும்.

சரவணக்குமார் அடியிலிருந்தே பேசினான். "இன்னொண்ணு. சாமான் மாத்துனா மட்டும் போதாது. வலது பக்கம் எல்லாம் நல்லா இருக்கு, இடது பக்கம்தான் செத்துப்போயிருக்கு. ரோட்டுக்கு எறங்கி எறங்கி ஒண்ணு. அதுபோக, முன்னாடி லெப்ட்ல டெய்லி ஒரே ஆளா உக்காருறது?"

"சரவணா, விடுப்பா அத" என்றார் தங்கமுத்து.

"இருங்க. நல்ல வெயிட்டான ஆளு. ஸ்பிரிங்கப் பாத்தாலே தெரியுது. ஒரு நூறு கிலோ இருக்குமா?"

செல்வராணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தங்கமுத்து கண்ணை மூடிக்கொண்டார்.

"தொண்ணூத்திரெண்டு" என்றார் அமிர்தவல்லி.

காருக்கு அடியில் ஸ்பேனர் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துச் சரவணக்குமாரின் தலை மெல்ல வெளியே வந்தது. செருப்பைப் பார்த்தான், கத்தரிக்காய்ப் பையைப் பார்த்தான், கடைசியில் முகத்தைப் பார்த்தான். ஆறாம் வகுப்பில் அவனுக்கு அறிவியல் எடுத்த முகம்.

"டீச்சர்…"

"எடை எடைதானடா. நீ அப்பவே தராசு பாடத்துல மட்டும்தான் பாஸு. எங்க உக்காந்தா வண்டிக்கு நல்லது?"

"டிரைவருக்குப் பின்னாடிங்க டீச்சர். வலது ஓரம். ஆனா அந்தக் கதவு தொறக்காதேங்க."

"ம்" என்றார். குடையை விரித்தார். தங்கமுத்தின் பக்கம் திரும்பவில்லை. திங்கட்கிழமை வருவேன் என்றோ வரமாட்டேன் என்றோ சொல்லவில்லை. மழைக்குள் நடந்து போய்விட்டார்.

"வருவாங்களாடி?"

"எனக்கென்ன தெரியும்? அவுங்க மொகத்துல என்னைக்கு எழுதி ஒட்டியிருக்காங்க?" செல்வராணி பட்டறைக்குள் திரும்பிச் சொன்னாள், "தம்பி, அந்தக் கதவையும் தொறக்குற மாதிரி பண்ணிருங்க."

ஞாயிற்றுக்கிழமை மதியம் மழை விட்டிருந்தது. வேலை முடிந்து மூன்று பேரும் ஓட்டிப் பார்க்கப் போனார்கள். செல்வராணி பின்சீட்டில், வலது ஓரத்தில், மடியில் ஒரு சொம்புத் தண்ணீரோடு.

"அது எதுக்கு?" என்றான் சரவணக்குமார்.

"நீங்க பண்ணுன வேலைய நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது? இது தளும்பாம இருந்தா டீ வாங்கித் தாரேன்."

புதுக்கோட்டைச் சாலையில் நேராக இருக்கிற இடம். கார் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் வலது பக்கம் சாயத் தொடங்கியது. சாலை நடுவில் போட்ட கோட்டைத் தாண்டியது. எதிர்ப்பக்கத்துப் புளியமரம் நேரே வந்தது.

"எங்கிட்டுப் போறீங்க! மரம், மரம்!" சொம்பு பாதி செல்வராணியின் சேலையில்.

தங்கமுத்து வெட்டித் திருப்பினார். "தம்பி, இப்ப வலது பக்கம் இழுக்குதேப்பா!"

"வண்டி இழுக்கல. நீங்க இழுக்குறீங்க. கைய விடுங்க."

"என்னது?"

"ஸ்டியரிங்க விடுங்கண்ணே. நான் இருக்கேன்ல."

அவர் விட்டார். விரல் விரலாக விட்டார். கார் நேராகப் போனது. எந்தப் பக்கமும் போகாமல், கயிறு பிடித்த மாதிரி, தன் பாட்டுக்கு நேராகப் போனது. தங்கமுத்து மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தார்.

"ரெண்டு வருசமா அது அங்கிட்டு இழுத்துச்சு, நீங்க இங்கிட்டு இழுத்தீங்க" என்றான் சரவணக்குமார். "இனிமே சும்மா உக்காந்து ஓட்டுங்க."

பின்னால் இருந்து செல்வராணி சொன்னாள், "அப்ப நான் ரெண்டு வருசமா தைலம் தேச்சது இந்தக் காருக்கா?"

சொம்பில் மிச்சமிருந்த தண்ணீர் அதற்குப் பிறகு தளும்பவில்லை. டீ அவள்தான் வாங்கிக் கொடுத்தாள். பட்டறையில் பழைய சாமானையெல்லாம் ஒரு சாக்கில் போட்டுக் கொடுத்தார்கள். இரும்புக் கடைக்குப் போட வேண்டியது. வீட்டுக்கு வந்ததும் அவள் அந்தத் தேய்ந்த பால் ஜாயிண்டை மட்டும் எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துச் சாமி மாடத்தின் ஓரத்தில் வைத்தாள்.

"அத எதுக்குடி அங்க?"

"சுத்தமா செத்துப்போயும், வண்டி வேகம் கொறையிற வரைக்கும் விடாமப் புடிச்சுட்டு நின்னிருக்கு. அதப் போயி எடைக்கா போடுறது?"

திங்கட்கிழமை ஏழே முக்காலுக்கு அவர் பஸ் ஸ்டாண்டு எதிரே, வழக்கமான வேப்பமரத்தடியில் காரை நிறுத்தினார். கதவு நான்கையும் ஒருமுறை திறந்து மூடிப் பார்த்தார். முப்பது அடி தள்ளி வசந்தின் வண்டி, கண்ணாடியெல்லாம் ஏற்றி, எஞ்சின் ஓடியபடி நின்றது. மரியசெல்வம் வந்தார். புது வேட்டி. இரண்டு வண்டிக்கும் நடுவில் நின்று பேப்பரை விரித்துப் படிக்கத் தொடங்கினார். எந்த வண்டியில் ஏறுவதென்று அவரே முடிவெடுத்து அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. அறிவுமதி வந்தாள். தங்கமுத்தைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை, வசந்த் வண்டிப் பக்கம் போய் நின்றாள்.

ஏழு ஐம்பத்தைந்துக்கு அமிர்தவல்லி வந்தார். இருபத்தாறு நாப்பதின் முன்பக்கமாகச் சுற்றி வலது பக்கம் வந்தார். டிரைவருக்குப் பின்கதவின் பிடியில் கை வைத்து இழுத்தார். திறந்தது. உள்ளே இருந்த சாக்பீஸ் பெட்டியைத் தூக்கிச் சீட்டின் நடுவில் வைத்தார். உட்கார்ந்தார். கார் ஒரு பெருமூச்சு விட்டுச் சமமாக நின்றது.

தங்கமுத்து கதவைப் பிடித்தபடி நின்றார். "டீச்சர்…"

"இனிமே சத்தம் வந்தா மொதல்ல எங்கிட்ட சொல்லணும். வாயக் கட்டக் கூடாது. எடு வண்டிய." பிறகு கண்ணாடியை இறக்கி, "அறிவுமதி! முன்சீட்டு காலியா இருக்கு. ஒனக்கு வேணாமா?"

ஆறு வருடமாக யாரும் உட்கார்ந்து பார்க்காத சீட்டு. அறிவுமதி வசந்த் பக்கம் திரும்பி, "தம்பி, தப்பா நெனச்சுக்காதப்பா" என்று சொல்லிவிட்டு வந்தாள். மரியசெல்வம் பேப்பரை மடித்தார்.

போகும் வழியில் அவள் இரண்டு தடவை சீட்டைப் பின்னால் தள்ளிப் பார்த்தாள், முன்னால் இழுத்துப் பார்த்தாள். "அண்ணே, இங்கேருந்து பாத்தா ரோடே வேற மாதிரி இருக்கு." தங்கமுத்துக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. கை அதுவாக வலது பக்கம் போகப் பார்த்தது. தளர்த்தினார். மறுபடி போனது. மறுபடி தளர்த்தினார்.

கண்மாய்க்கரை வளைவு வந்தது. மண்ணில் அன்று மூக்கு குத்திய தடம் அப்படியே இருந்தது, அதில் மழைத் தண்ணீர் நின்றது. எதிரே டவுன் பஸ்.

தங்கமுத்து வேகத்தைக் குறைத்தார்.

"அண்ணே, இன்னைக்கும் எறங்கப் போறீங்களா?" என்றாள் அறிவுமதி, கைப்பிடியை இறுக்கிக்கொண்டு.

"எறங்கட்டும்" என்று பின்னாலிருந்து அமிர்தவல்லி சொன்னார். "அன்னைக்கு எறங்குனதாலதான் வேகமில்லாம இருந்தோம். வேகமில்லாததாலதான் இன்னைக்குப் பேசிக்கிட்டிருக்கோம்."

கார் நடக்கிற வேகத்துக்கு வந்தது. இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. மெத்தையில் கால் வைத்த மாதிரி ஒரு அமுக்கல், அவ்வளவுதான். அவர் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

பஸ் வரவில்லை. அங்கேயே, வளைவுக்கு அந்தப் பக்கம், அதுவும் தாரை விட்டு இறங்கிச் சாய்ந்து நின்றது. அத்தனை பெரிய பஸ், உள்ளே முழுக்க ஆள். தமிழ்செல்வன் ஜன்னல் வழியே கையை நீட்டி, வா வா என்று ஆட்டிக்கொண்டிருந்தார். தங்கமுத்தும் கையை நீட்டி, நீங்க வாங்க என்று ஆட்டினார். இரண்டு வண்டிக்கும் நடுவில் சாலை ஈரமாக, காலியாகக் கிடந்தது.

"ரெண்டு பேரும் எறங்கிட்டா அப்ப யாருண்ணே போறது?" அறிவுமதிக்கு அன்று முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. மரியசெல்வமும் சிரித்தார். பஸ்ஸில் வாழையிலைக்காரப் பெண்கள் எட்டிப் பார்த்து ஏதோ கத்தினார்கள்.

"போ தங்கமுத்து" என்றார் அமிர்தவல்லி. "ஒரு நாளாச்சும் போ. பெல் அடிச்சிரும்."

அவர் கியரைப் போட்டார். சக்கரம் தாரில் ஏறியது. காதை அந்தப் பக்கமே வைத்திருந்தார். டிபன் கேரியர் ஒன்றின் மூடி லேசாகக் கிணுங்கியது. வேறு எதுவும் கேட்கவில்லை. பஸ்ஸைக் கடக்கும்போது ஸ்டியரிங்கிலிருந்து வலது கையை எடுத்து நெற்றிக்குக் கொண்டுபோனார். தோள் வலித்தது. இறக்காமல், பஸ் முழுக்கக் கடக்கும்வரை அப்படியே வைத்திருந்தார். கார் நேராகப் போனது.